பூச்சுக்கு முன் வருகிறவர்

வன்னியில் போருக்குப் பின் எழுந்த வீடுகளில் பெரும்பாலானவை இப்போது பத்து வயதைத் தாண்டிவிட்டன. ஒரு வீடு தன் குணத்தைக் காட்டத் தொடங்கும் வயது அது. முதல் இரண்டு மூன்று மாரிக்கு எல்லா வீடும் நல்ல வீடுதான். பிறகுதான் அத்திவாரத்தில் பிடித்த மிச்சம் சுவரில் வெடிப்பாக ஏறும். உப்பு மணலில் அரிந்த கல் வெள்ளை பூத்து உதிரும். வைரம் பாயாத மரம் கூரையைத் தொய்ய விடும். கட்டும்போது அந்த வீடுகளை யார் பார்த்தார்கள், பார்த்தவர் என்ன சொன்னார், சொன்னதை யார் கேட்டார்கள் என்று அறிவதற்காகவே 2025 ஒக்ரோபரில், மாரி இறங்க முன், வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்குப் புறப்பட்டேன்.

கூட வந்தவர் ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர். மீள்குடியேற்றக் காலத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டங்களிலும் வீட்டுத்திட்ட வேலைகளைப் பரிசோதித்தவர். பெயர் எழுத வேண்டாம் என்றார். எழுதினாலும் ஊரில் யாருக்கும் தெரியாது. அங்கே அவர் 'ரி.ஓ. ஐயா'. அவருடைய பழைய துணிப்பையில் ஓர் அளவு நாடா, தூக்குக் குண்டு, ஒரு சிறு சுத்தியல், வெறும் தண்ணீர்ப் போத்தல் ஒன்று. போத்தல் எதற்கென்று கேட்டேன். "பாப்பியள்" என்றார்.

ஓமந்தை தாண்டியதும் வீதிக்கு ஒருபுறம் தண்டவாளம் கூடவே வருகிறது. போரில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் இல்லாமற்போன பாதை இது. இந்தியாவின் இர்கொன் நிறுவனம் மீண்டும் அமைத்து, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் வந்தது. புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஊர்கள் வந்துபோக, ஐயா ஜன்னலுக்கு வெளியே மதகுகளையே பார்த்துக்கொண்டு வந்தார். மற்றவர்கள் காடு பார்ப்பார்கள், மயில் பார்ப்பார்கள். அவருக்கு ஒவ்வொரு மதகின் சிறகுச்சுவரும் ஒரு செய்தி. முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்பதுபோல் நாங்களும் நின்றோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினோம்.

இரணைமடுச் சந்தியை அண்டிய அறிவியல் நகரில்தான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்வரை வன்னியில் ஒரு கொங்கிறீற் கட்டியை முறையாக உடைத்துப் பார்ப்பதென்றால் வெளியூருக்குத்தான் அனுப்பவேண்டும் என்று ஐயா சொன்னார். இன்று கிளிநொச்சியிலேயே பொறியியல் படிக்கிற பிள்ளைகள் அதைச் செய்து பழகுகிறார்கள். அருகிலேயே இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் கட்டடத் தொழிலையும் கற்பிக்கிறது. வன்னி மண்ணில் நடந்த நல்ல காரியங்களில் இது ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

கியூப் எனப்படும் அந்தக் கொங்கிறீற் கட்டியை உடைப்பதை ஒருமுறையாவது அருகில் நின்று பார்க்கவேண்டும். வேலைத்தலத்தில் தூணுக்கோ தட்டுக்கோ கொங்கிறீற் போடும்போது, அதே கலவையில் கொஞ்சத்தை எடுத்து, ஒவ்வொரு பக்கமும் 150 மில்லிமீற்றர் உள்ள இரும்பு அச்சில் அடைத்து, மறுநாள் கழற்றித் தண்ணீரில் ஊற வைப்பார்கள். ஏழாம் நாள் சிலவற்றை, இருபத்தெட்டாம் நாள் மிகுதியை இயந்திரத்தின் இரண்டு தகடுகளுக்கு நடுவில் வைத்து அழுத்துவார்கள். 25ஆம் தரக் கொங்கிறீற் என்றால் அந்தச் சிறிய கட்டி ஏறத்தாழ 57 தொன் பாரம் தாங்கவேண்டும். ஊசி ஏற ஏற அறையில் பேச்சு நின்றுவிடும். பிறகு விளிம்பு பொரிந்து, ஒரு மந்தமான சத்தம். நல்ல கட்டி நான்கு பக்கமும் ஒரேமாதிரிச் செதில் விட்டு, நடுவில் இடுப்புச் சிறுத்த வடிவமாக மிஞ்சும். கெட்ட கட்டி ஒரு பக்கமாகப் பிளந்து பொடியைக் கொட்டும். அந்தப் பொடியைக் கையில் எடுத்தால் அது எங்கே தவறியதென்று பழகியவருக்குத் தெரியும்: சல்லியில் தூசு ஒட்டியிருந்ததா, தண்ணீர் கூடியதா, குத்தி இறுக்காமல் விட்டார்களா என்று.

ஆனால் இந்தப் பரிசோதனைக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கட்டியை அச்சில் போடுவது யார்? பல வேலைத்தலங்களில் கொந்தராத்துக்காரரின் ஆட்களே போடுகிறார்கள். தூணுக்குப் போகிற கலவை ஒன்று, கியூபுக்குப் போகிற கலவை வேறொன்று. கியூபுக்கு இரண்டு கரண்டி சீமெந்து கூட விழும். அறிக்கை அழகாக வரும், தூண் அப்படியே நிற்கும். கட்டடத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. அதனால்தான் கட்டி அச்சில் விழும் நேரத்தில், கட்டுகிறவரிடம் சம்பளம் வாங்காத ஒருவர் அங்கே நிற்கவேண்டும். இயந்திரம் பொய் சொல்லாது என்பதெல்லாம் இயந்திரத்தின் வாசல்வரைதான்.

இரணைமடுக் குளக்கட்டில் சிறிது நேரம் நடந்தோம். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கி 1920இல் முடித்த குளம். போருக்குப் பின் வெளிநாட்டு உதவியோடு திருத்தி உயர்த்தப்பட்டது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது இந்தக் குளத்தின் கதவுகளைப் பற்றியும் பராமரிப்பைப் பற்றியும் கேள்விகள் எழுந்தன. எந்தப் பெரிய கட்டுமானத்துக்கும் அதுதான் நடக்கும். தண்ணீர் வந்த பிறகு எல்லோரும் கேட்பார்கள். கட்டு எழும்பும்போது கேட்டிருந்தால் பதில் மண்ணில் இருந்திருக்கும். குளக்கட்டுக்கு மண் போடுவதும் அப்படியான வேலைதான். ஓர் அடுக்கைப் பரப்பி, ஈரம் பார்த்து, உருளை ஓட்டி, இறுகியதா என்று துளை போட்டு அளந்த பிறகே அடுத்த அடுக்கு. இடையில் ஓர் அடுக்கைப் பார்க்காமல் விட்டால் அதன்மேல் இருபது அடி மண் வந்துவிடும். பிறகு யாராலும் பார்க்க முடியாது.

மூடப்பட்ட பிறகு பார்க்க முடியாதவை என்று ஐயா ஒரு நீண்ட பட்டியல் வைத்திருந்தார். பயணம் முழுக்க அவருடைய பேச்சு அதையே சுற்றி வந்தது. அத்திவாரக் கிடங்கின் அடி மண். தூணுக்குள் கம்பி. கம்பிக்கும் சட்டர் பலகைக்கும் இடையில் வைக்கிற சின்னச் சீமெந்துக் கட்டை. அது இல்லாவிட்டால் கம்பி பலகையில் ஒட்டிக்கொண்டு நின்று, பிறகு ஈரம் பட்டுத் துருவேறி வீங்கி, கொங்கிறீற்றைத் தள்ளி உடைக்கும். காபெற் வீதிக்குக் கீழே உள்ள கிறவல். மண்ணுக்குள் போகிற குழாய். "பூச்சுப் பூசினாப் பிறகு வாறவன் விருந்தாளி, தம்பி. பூச முன் வாறவன்தான் பரிசோதகர்."

கிளிநொச்சியில் மதியச் சாப்பாடு. பரந்தனில் வலப்பக்கம் திரும்பி முல்லைத்தீவு வீதி. தருமபுரம் வரும்வரை டிப்பர்கள் எதிரே வந்துகொண்டே இருந்தன. கல்லாறுப் பக்கத்து மணல் எவ்வளவு காலமாக அள்ளப்படுகிறது என்பது வன்னியில் எல்லோருக்கும் தெரியும். அனுமதிப்பத்திரத்தோடு போவதும் இல்லாமல் போவதும் ஒரே வீதியில்தான் போகின்றன. நல்ல ஆற்று மணலின் விலை ஏற ஏற, ஏழை வீட்டுக்கு வந்து சேருவது களி கலந்த மணலும் கடற்கரைப் பக்கத்து உப்பு மணலும்தான்.

விசுவமடுவில் உள்ளே ஒரு கிறவல் ஒழுங்கையில், ஐயா பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பரிசோதித்த வீடொன்றுக்குப் போனோம். இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது. அந்தத் திட்டத்தைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். 2010 நவம்பரில் அப்போதைய இந்திய வெளியுறவு அமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணா அரியாலையில் தொடக்கிவைத்த முன்னோடிக் கட்டத்தில் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களில் 1,000 வீடுகளை ஒப்பந்த நிறுவனமே கட்டிக் கொடுத்தது. அடுத்த கட்டம் 2012 ஒக்ரோபர் 2, காந்தி பிறந்தநாளில் தொடங்கியது. வடக்கு கிழக்குக்கு 45,000 வீடுகள். இம்முறை வழி மாறியது. புதிய வீடென்றால் குடும்பத்துக்கு 550,000 ரூபா, திருத்த வேலைக்கு 250,000 ரூபா, நேரே அவர்களுடைய வங்கிக் கணக்குக்கு, கட்டங்கட்டமாக. வீட்டுக்காரரே மேசனைப் பிடித்து, கல் மண் வாங்கிக் கட்டவேண்டும். ஐ.நா. வாழ்விட அமைப்பு, செஞ்சிலுவைச் சங்கம், தேசிய வீடமைப்பு அதிகாரசபை போன்ற நிறுவனங்கள் கிராமம் கிராமமாக நடைமுறைப்படுத்தின. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்துக் கையெழுத்திட்டால்தான் அடுத்த தவணை விழும்.

அந்தக் கையெழுத்தின் கனத்தை நினைத்துப் பாருங்கள். தறப்பாள் கொட்டிலில் பிள்ளைகளோடு இருக்கிற பெண். கடையில் சீமெந்துக் கடன். மேசன் கூலி கேட்டு வாசலில் நிற்கிறார். ஒரு சைக்கிளில் ஒருவர் வந்து, அளவு நாடாவை விரித்து, அத்திவாரம் ஆழம் காணாது என்கிறார்.

"இவர்தான் என்ர அத்திவாரத்தைக் கிண்ட வைச்சவர்" என்று விசுவமடு வீட்டுக்கார அக்கா ஐயாவைக் கண்டதும் சொன்னார். தேநீர் வருமுன்னரே கதை வந்துவிட்டது. கணவரை இழந்தவர். 2013இல் அவரும் மூத்த மகனும் கிடங்கு வெட்டினார்கள். ஒரு மூலையில் மண் இளகலாக இருந்தது. போர்க்காலத்தில் வெட்டி மூடிய பங்கர் ஒன்று அதற்குக் கீழே இருந்திருக்கிறது. அதைச் சல்லியும் மண்ணும் போட்டு நிரவிவிட்டு, கருங்கல் அடுக்கத் தயாராக இருந்தார்கள். ஐயா கம்பியொன்றைக் குத்திப் பார்த்தார். கம்பி இறங்கிக்கொண்டே போனது. முழுதும் அள்ளி, அடி மண் கண்டு, அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இறுக்கி வரச்சொல்லிவிட்டுப் போய்விட்டார். "எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. காசு வைச்சிருக்கிற மனிசன் எங்களைப் படுத்துது எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன். இப்ப பாருங்கோ, அந்த மூலையில ஒரு மயிர் வெடிப்பும் இல்லை." பங்கர்கள் வன்னிக்கே உரிய சிக்கல். எந்த வீட்டு வரைபடத்திலும் அவை இல்லை. அந்த வளவில் யார் எங்கே ஒளிந்திருந்தார்கள் என்று தெரிந்தவர்கள் சிலவேளை உயிரோடு இல்லை. கம்பி குத்திப் பார்க்கிற ஒருவர் வந்தால்தான் உண்டு.

துணிப்பையின் போத்தல் அங்கேதான் வெளியே வந்தது. அக்காவின் மகனுக்கு இப்போது திருமணம். பக்கத்தில் ஓர் அறை கூட்டிக் கட்டுகிறார்கள். முற்றத்தில் மணல் குவிந்திருந்தது. ஐயா போத்தலில் பாதிக்கு மணல் போட்டு, தண்ணீர் விட்டு, அடுக்களையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு வாங்கிப் போட்டு, மூடி, நன்றாகக் குலுக்கித் திண்ணையில் வைத்தார். தொடக்கத்தில் முழுதும் கலங்கல். சிறிது நேரத்தில் மணல் கீழே படிந்தது. நாங்கள் கதைத்துக்கொண்டிருக்க, அதற்குமேல் மெல்லிய களிமண் அடுக்கொன்று மஞ்சளாக வந்து உட்கார்ந்தது. மணல் உயரத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்குக்குமேல் களி இருந்தால் அந்த மணல் கொங்கிறீற்றுக்கு ஆகாது. களி சீமெந்தைச் சல்லியோடு ஒட்டவிடாது. ஐயா நாடாவை வைத்து அளந்தார். தாண்டியிருந்தது. "லின்டலுக்கு இதைப் பாவிக்க வேண்டாம், தம்பி. அரிச்சுக் கழுவிப் பாவி. இல்லாட்டி அவனைத் திருப்பி ஏத்தச் சொல்லு." மகன் அந்தப் போத்தலை ஒன்றும் பேசாமல் எடுத்துப் பார்த்துவிட்டு, மணல்காரருக்குத் தொலைபேசி எடுக்கப் போனான்.

செலவில்லாத ஒரு பரிசோதனை. எந்த வீட்டிலும் செய்யலாம். கல்லுக்கும் இப்படித்தான்: இரண்டு சீமெந்துக் கல்லைத் தட்டிப் பார்த்தால் நல்ல கல் கணீர் என்னும், சொத்தைக் கல் பொத்தென்னும். ஆணியால் கீறினால் கோடு மட்டும் விழவேண்டும், பொடி கொட்டக்கூடாது. ஒரு பை சீமெந்தில் இத்தனை கல்தான் அரியலாம் என்று ஓர் அளவு உண்டு. அந்த அளவைக் கூட்டிக் கூட்டித்தான் கல் அரிகிறவர் இலாபம் காண்பார். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் அரிந்த கல்லையும் போட்ட கொங்கிறீற்றையும் ஒரு கிழமையாவது நனைத்து வைக்கவேண்டும். கிணறு வற்றிய ஊரில் குடிக்கவே தண்ணீர் பவுசரில் வரும்போது, சுவருக்கு யார் தண்ணீர் விடுவார்? அந்த வீடுகளின் பலவீனம் பல இடங்களில் களவால் வந்ததல்ல, தாகத்தால் வந்தது. பரிசோதகர் இதையும் புரிந்தவராக இருக்கவேண்டும். கிணற்றில் தண்ணீர் இருக்கிற மாதத்துக்கு வேலையைத் தள்ளிப் போடச் சொல்வதும் அவருடைய வேலைதான்.

ஐயா செய்த பெரிய உதவி கம்பியாலும் போத்தலாலும் அல்ல, கணக்கால் என்று நான் சொல்வேன். ஐந்தரை இலட்சத்துக்கு 550 சதுர அடி வீடு என்றுதான் திட்டம். இழந்துபோன பழைய வீட்டின் நினைவில் பலர் பெரிய வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினார்கள். யாரை எப்படிக் குறை சொல்வது? வாழ்நாளில் ஒருமுறை கட்டுகிற வீடு. ஆனால் லின்டலோடு காசு முடிந்து, நகை அடகுக்குப் போய், லீசிங்காரன் வாசலுக்கு வந்த வீடுகள் வன்னியில் ஏராளம். கூரையில்லாமல் பற்றை ஏறி நிற்கும் சுவர்களை வழிநெடுக இன்றும் காணலாம். "முன் விறாந்தையை இப்ப விடுங்கோ, பிறகு இணைக்கலாம்" என்று அத்திவாரக் கட்டத்திலேயே ஒருவர் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொன்ன வீடுகள் முடிந்தன. தூணைப் பார்ப்பதற்கு முன் வீட்டுக்காரரின் பையைப் பார்க்கத் தெரிந்தவரே நல்ல பரிசோதகர்.

வீட்டுக்காரரே கட்டுகிற இந்த முறைக்கு நேர்மாறான ஒரு யோசனையும் இதே மண்ணில் வந்தது. 2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகளை ஆர்செலர் மிட்டல் நிறுவனத்தைக் கொண்டு அமைப்பதற்கு அரசாங்கம் முயன்றது. ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அப்போது அரசாங்கமே கல்வீட்டுக்குக் கொடுத்துவந்த தொகை 8 இலட்சம். மாதிரி வீடுகளை அமைத்துக் காட்டினார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் குடிசார் பொறியியல் அறிஞர்கள் அவற்றைப் பரிசோதித்து, அத்திவாரம், கூரையின் தாங்கு அமைப்பு, வெக்கை, ஆயுட்காலம் ஆகியவை பற்றிக் கடுமையான கேள்விகளை எழுப்பினார்கள். அரசியல்வாதிகளும் பொருளியலாளர்களும் சமூகச் செயற்பாட்டாளர்களும் அந்தக் கேள்விகளைக் கையில் எடுத்தார்கள். அந்தப் பெருந்திட்டம் அந்த வடிவில் நிறைவேறவில்லை. இதில் நான் பெரிதாக மதிப்பது ஒன்று: அந்தப் பொறியியலாளர்கள் விற்கிறவரின் ஆட்களும் அல்ல, வாங்குகிறவரின் ஆட்களும் அல்ல. கட்டி முடித்த பிறகு வெடிப்பு எண்ணவும் வரவில்லை. ஒப்பந்தம் இறுகுமுன் வந்தார்கள். தனித்து நிற்கிற ஒரு பார்வை அறுபத்தையாயிரம் குடும்பங்களைப் பற்றிய முடிவையே மாற்றும் வலிமை கொண்டது என்பதற்கு நம்மிடம் இருக்கிற சான்று அது.

வீட்டுத்திட்டத்தில் கட்டுகிறவரே குடியிருப்பவர். பரிசோதகரும் வீட்டுக்காரரும் கடைசியில் ஒரே பக்கம். அக்காவின் கோபம் தேநீரில் முடிந்தது அதனால்தான். பாடசாலைக் கட்டடம், வைத்தியசாலை விடுதி, மதகு, வீதி என்று வரும்போது கதை வேறு. கட்டுகிறவர் வேறு, காசு கொடுப்பவர் வேறு, பயன்படுத்துகிறவர் வேறு. அளந்து கையெழுத்து வைப்பவர் காசு கொடுக்கிற திணைக்களத்தின் ஆள். வேலைத்தலத்துக்குப் போக அவருக்கு வாகனம் கொடுப்பவர் பலவேளை கொந்தராத்துக்காரர். ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரின் தலையில் ஒரே நேரத்தில் பல வேலைத்தலங்கள். கொங்கிறீற் போடும் நாளில் எல்லா இடத்திலும் நிற்க அவரால் முடியாது. பெரும்பாலானவர்கள் நேர்மையானவர்கள், எனக்குத் தெரிந்தவர்களில் பலர் அப்படித்தான். ஆனால் அமைப்பு அவர்களுடைய நேர்மையை நாளும் பரீட்சைக்கு வைக்கிறது. வழமையாக ஒப்பந்தத் தொகையில் 5 சதவீதத்தைப் பிடித்து வைத்து, குறை தெரிந்தால் திருத்துவிக்க ஒரு வருட காலம் உண்டு. ஒரு வருடத்தில் ஒரு மாரிதான் வரும். இரண்டாவது மாரியில் வெடிக்கிற மதகுக்கு யாரும் பொறுப்பில்லை.

உடையார்கட்டுக்கு அப்பால் அப்படி உடைத்துப் போட்ட ஒரு மதகின் துண்டுகள் வீதியோரம் கிடந்தன. ஐயா இறங்கிப் போனார். முறிந்த முகத்தைச் சுத்தியலால் தட்டினார். சல்லிக் கற்கள் ஒரு பக்கம் கூட்டமாகவும் மறு பக்கம் வெறும் சாந்தாகவும் இருந்தன. இடையில் விரல் நுழையும் ஓட்டைகள். கம்பி வெளிவிளிம்பில் ஒட்டி, துருப்பிடித்து, தொட்டால் தகடாக உரிந்தது. கீழே ஒரு துண்டில் சட்டர் பலகையின் மரவரி அச்சாகப் பதிந்திருந்தது. அதற்குள் கம்பியின் வடிவமே தெரிந்தது. இதைப் போட்ட நாளில் யாராவது ஒருவர் பலகைக்குள் குனிந்து பார்த்திருந்தால் அரை மணித்தியால வேலை. அந்த மதகில் வைக்கவேண்டியிருந்த சீமெந்துக் கட்டைகளின் விலை தேநீர்க் காசுக்கு வராது.

வன்னிக்கு மட்டுமான நோய் இது அல்ல. 2017 மே மாதம் வெள்ளவத்தையில், நம்மவர்கள் நாளாந்தம் நடக்கிற வீதியை அண்டி, பல மாடிக் கட்டடம் இடிந்து உயிர்கள் போயின. 2014 ஜூனில் சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதிகமானவர்கள் வேலை செய்யப் போன ஏழைகள். 2013 ஏப்ரலில் வங்காளதேசத்தின் ராணா பிளாசா ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர். அதற்குப் பிறகுதான் அங்கே ஆடைத் தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு முதலாளிகளைச் சாராத பரிசோதகர்கள் வந்தார்கள், அறிக்கைகள் எல்லோரும் படிக்க வெளியிடப்பட்டன. இந்தியாவில் 2000இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் தரம் பார்ப்பதற்கு மூன்று அடுக்கு வைத்தார்கள். முதலாவது வேலை செய்விக்கிற அலுவலகம், இரண்டாவது மாநிலத்தின் கண்காணிப்பாளர், மூன்றாவது வெளியிலிருந்து அனுப்பப்படும் மூத்த பொறியியலாளர்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். நமது வடமாகாணத்தில் ஐயாவைப் போல் அனுபவமும் கைநடுக்கமில்லாத மனமும் உள்ள எத்தனை பேர் திண்ணையில் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறார்கள்! அவர்களை மாவட்டம் மாற்றி அனுப்பிப் பார்க்கவைக்க ஒரு சுற்றறிக்கை போதும்.

சட்டம் இல்லாமலில்லை. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டம் ஓர் அதிகாரசபையை ஏற்படுத்தி, ஒப்பந்தக்காரர்களைத் தரம் பிரித்துப் பதிகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உங்கள் ஊர் மதகின் வேலை விபரப் பட்டியலையும் கியூப் அறிக்கையையும் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு. விண்ணப்பம் எழுதாமலும் பார்க்கலாம். புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவி, தங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டபோது செய்ததைச் சொன்னார். அவர்கள் முறைவைத்து இரண்டு இரண்டு பேராக நின்றிருக்கிறார்கள். சீமெந்துப் பையை எண்ணி, வெறும் பையைத் தாங்களே வாங்கி வைத்திருக்கிறார்கள். "எங்களுக்கு எஞ்சினியரிங் தெரியாது, தம்பி. எண்ணத் தெரியும்" என்றார். பட்டியலில் இருந்த எண்ணிக்கையும் வெறும் பைகளின் எண்ணிக்கையும் ஒத்துவரும்வரை அவர்கள் கையெழுத்து வைக்கவில்லை. அந்த ஒழுங்கையில் நடந்தேன். இரண்டு மாரி கண்டும் விளிம்புகள் சிதையவில்லை.

முள்ளிவாய்க்கால் தாண்டி வட்டுவாகலுக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் கடல். 2009 மே மாதத்தில், போரின் முடிவில், பல்லாயிரம் சனம் எஞ்சியதைத் தூக்கிக்கொண்டு கடந்த பாலம். பக்கச் சுவரில்லாமல், கம்பி வெளியே தெரிய, ஒரு வாகனம் போனால் மறு வாகனம் காத்திருக்கிற பாலமாக அதற்குப் பிறகும் பதினாறு வருடங்கள் சனத்தைச் சுமந்தது. 2025 செப்டெம்பரில் புதிய பாலத்துக்கான வேலையை ஜனாதிபதி தொடக்கிவைத்தார். ஐயா கைப்பிடி இல்லாத ஓரத்தில் நின்று நீரைப் பார்த்தார். உப்புநீரில் நிற்கப்போகிற தூண்கள். கம்பிக்கு வெளியே கொங்கிறீற் எவ்வளவு தடிப்பு, என்ன சீமெந்து, தண்ணீர் எங்கேயிருந்து என்பதுதான் புதிய பாலத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும் என்றார். முல்லைத்தீவுச் சனத்துக்கு அந்த விடைகளைக் கேட்க உரிமை உண்டு. கேட்கவேண்டிய காலமும் இதுதான், தூண் தண்ணீருக்குள் போகுமுன்.

நான் ஊர் திரும்பிச் சில கிழமைகளில், நவம்பர் இறுதியில், டித்வா புயல் வந்தது. மலையகத்தை மண்சரிவு விழுங்கியது. வன்னியும் வெள்ளத்தில் நின்றது. இனி நாடெங்கும் மறுபடி வீடுகள் கட்டப்படும், பாலங்கள் கட்டப்படும், அவசரமாகக் கட்டப்படும். அவசரத்தில்தான் பூச்சு முந்திவிடும்.

புலம்பெயர் நாடுகளிலிருந்து ஊருக்குக் காசு அனுப்புகிறவர்களிடம் இதைச் சொல்கிறேன், ஏனென்றால் வன்னியில் எழும்புகிற முன்பள்ளியும் வாசிகசாலையும் கோயில் மண்டபமும் சகோதரியின் வீடும் பெரும்பாலும் உங்கள் உழைப்பு. வட்சப்பில் வருகிற படத்தில் கம்பி தெரியாது, மணலின் களி தெரியாது, அத்திவாரத்தின் கீழ் உள்ள பங்கர் தெரியாது. கட்டுகிறவரோடும் கமிட்டியோடும் தொடர்பில்லாத ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரை, அல்லது அறிவியல் நகரில் படித்து வெளிவந்த ஓர் இளம் பொறியியலாளரை, உங்கள் காசிலேயே, நேரடியாக நீங்களே கூலி கொடுத்து வையுங்கள். அத்திவாரம் மூட முன் ஒருமுறை, லின்டலுக்குக் கம்பி கட்டியதும் ஒருமுறை, கூரை ஏற முன் ஒருமுறை அவர் போய்ப் பார்க்கட்டும். அவருடைய அறிக்கை கைக்கு வந்த பிறகு அடுத்த தவணையை அனுப்புங்கள்.